மடியில் கொடுத்த பிள்ளை

என் மகனை நான் ரொறன்ரோவில் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று குடும்பத்துக்குள் ஒரு கதை உலாவுகிறது. தங்கை சொல்லி, அவள் கணவன் சொல்லி, லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் பிள்ளைகள் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிச் சாவகச்சேரியில் என் கணவரின் காதுக்கே வந்து சேர்ந்துவிட்டது. நான் ஊருக்குத் திரும்ப இன்னும் விமானம் ஏறவில்லை. அதற்குள் அவர் போனில், "என்னப்பா, சின்னவனை பஸ்ஸிலை விட்டிட்டு இறங்கினீராம்?" என்று கேட்கிறார். நான் யாரையும் விட்டுவிட்டு இறங்கவில்லை. பிள்ளையை ஒரு மனுசியின் மடியில் கொடுத்தேன். கொடுப்பதற்கும் தொலைப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைவிட முக்கியமாக அந்த மனுசிக்காக எழுதுகிறேன். அவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் மாதிரி இவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் போனது தங்கை தர்சியின் பிள்ளைப்பேற்றுக்கு. சத்திரசிகிச்சை செய்து எடுத்த குழந்தை. பத்தியம் காய்ச்சிக் கொடுக்க, குழந்தையைக் குளிக்க வார்க்க, அவளுக்குப் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை இல்லை. ஆகவே ஏழு வயது ஆரபியையும் நாலு வயது கவினையும் கூட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன். பை நிறையப் பத்தியத்துக்கு வேண்டிய சரக்குத்தூள், உள்ளி, வேர்க்கொம்பு, கருவாடு. விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி சரக்குத்தூளை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு என்னைப் போகச் சொன்னார். அந்தப் பயணத்தில் எனக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது. பிறகு அதிகம் நடக்கவில்லை.

தர்சியின் வீடு ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில். புது வீடுகள், ஒன்றைப் போல ஒன்று, எங்கள் வீடு எது என்று கவின் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு கடை கிடையாது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் கார் வேண்டும். கார் சுதனிடம். சுதன் என் தங்கையின் கணவன். மிசிசாகாவில் விமான நிலையத்துப் பக்கம் வேலை, விடிய முதலே போய்விடுவான். கறிவேப்பிலை இல்லாமல் பத்தியக் கறி வைத்தேன் என்று ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வந்த அன்றைக்கே பிள்ளைகள் கண்டுபிடித்தது பூசணிக்காய். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் இரண்டு மூன்று. சிலதைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டியிருந்தார்கள். தர்சியின் வீட்டு வாசலிலும் இரண்டு இருந்தன. நான் மறுநாள் காலையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வெட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். தர்சி மாடியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்து சட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, உது சமைக்கிற பூசணி இல்லை. பேய் வேசம் போடுற நாளுக்கு வைக்கிற டெக்கரேசன்."

"பூசணியிலை சமைக்காத பூசணி எண்டு ஒண்டு இருக்கோ?"

இருந்தது. வாயில் வைத்தால் தும்பு, உப்பும் ஏறவில்லை, உறைப்பும் ஏறவில்லை. எங்கள் ஊரிலும் நாவூறு கழிக்க நீற்றுப்பூசணி உடைப்பதுண்டு. இல்லையென்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு காரியத்துக்கு. இங்கே ஒரு நாடு முழுக்க வயல் உழுது, தண்ணீர் விட்டு, படியில் வைத்து அழுக விடுவதற்காக ஒரு காயை வளர்க்கிறது. வீணாய்ப் போன அந்தக் கறியை நான் மட்டும் இரண்டு நாள் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் குழந்தையை வைத்தியரிடம் காட்டப் போனோம். காரின் பின்சீற்றில் ஒரு கூடை போன்ற இருக்கை, அதில் குழந்தையைப் பின்பக்கம் பார்க்க வைத்துப் பட்டியால் இறுக்கிப் பூட்டினார்கள். நான் மடியில் வைத்திருக்கிறேன் என்று சொன்னதற்குச் சுதன் சட்டத்தை விளக்கினான். விபத்து நடந்தால் அதுதான் பாதுகாப்பாம். சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. கவினையும் அப்படி ஓர் இருக்கையில் கட்டியபோது, பிறந்ததிலிருந்து பஸ்ஸிலும் ஓட்டோவிலும் யாராவது ஒருவரின் மடியிலேயே போய்ப் பழகியவன், கத்திக் கூப்பாடு போட்டான். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கார் நின்ற பிறகும் குழந்தையைத் தூக்கவில்லை. கூடையோடு கழற்றிக் கொண்டுபோய், வைத்தியரின் காத்திருப்பு அறையில் சந்தையில் கோழிக்கூடை வைப்பதுபோல நிலத்தில் வைத்தார்கள். பக்கத்தில் நானும் தர்சியும், இரண்டு மடியும் காலியாக.

"தூக்கடி பிள்ளையை" என்றேன்.

"எந்த நேரமும் தூக்கினால் பழகிடுவான் எண்டு நேர்ஸ் சொன்னவ அக்கா."

"பழகட்டுமேன். நாளைக்கு மனிசரோடைதானே வாழப்போறான்."

தர்சிக்கு உடம்பும் சரியில்லை, பாலும் ஒழுங்காக ஊறவில்லை. குழந்தை வாய் வைத்து இரண்டு இழுவை இழுத்துவிட்டு அழும். அவளும் கூட அழுவாள். அதனால் நான் மேலே பேசாமல் விட்டேன்.

அந்த வாரம் பள்ளி இல்லாத ஒரு நாளில் பக்கத்து வீட்டுக்காரி முற்றத்து இலையெல்லாம் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பெண்தான், அவளுக்கும் ஆரபியின் வயதில் ஒரு மகள். இங்கே இலையைக் காசு கொடுத்து வாங்கிய பெரிய கடதாசிப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைக்கிறார்கள், லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். என் பிள்ளைகளுக்கு அந்தக் குவியலைக் கண்டதும் கால் நிற்கவில்லை. ஓடிப்போய் விழுந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக இலை பறந்தது. ஆரபி அந்த வீட்டுப் பிள்ளையை, "வாரும், விளையாடுவம்" என்று கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை தாயைப் பார்த்தது.

தாய் வீட்டுப் படியில் அமர்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "தர்சியின்ரை அக்காதானே? பிள்ளையளை அனுப்ப முந்தி ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம் அக்கா. இங்கை நேரம் வைச்சுத்தான் விளையாட விடுறது. இண்டைக்கு அவவுக்குப் பியானோ இருக்கு."

"அம்மா, விளையாடுறதுக்கும் அப்பொயின்ட்மென்ற் எடுக்கோணுமோ?" என்று ஆரபி என்னைக் கேட்டாள்.

அதற்குள் கவின் போய் அவள் மடியில் ஏறி இருந்துவிட்டான். அவன் அப்படித்தான். ஒரு பெண் இருந்தால் அங்கே ஒரு மடி இருக்கிறது, மடி இருந்தால் அது தனக்கு. அவள் துள்ளி எழும்பி இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தினாள். கவின் வழுக்கிப் படியில் விழுந்தான்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. மற்றவையின்ரை பிள்ளையளைத் தொட எனக்குப் பயம். பிறகு யாரும் ஏதும் சொல்லக்கூடாது பாருங்கோ."

எங்கள் சாவகச்சேரிக்குப் பக்கத்துக் கொடிகாமத்துப் பெண் அவள். கேட்டு அறிந்தேன். அவளும் ஒரு காலத்தில் எங்கள் பருத்தித்துறை பஸ்களில் எத்தனை பேரின் மடியில் இருந்து போயிருப்பாள். வீட்டுக்கு வந்து தர்சியிடம் கத்தினேன். தர்சி, "அவ சொன்னதிலை பிழை இல்லை அக்கா, இங்கை அப்பிடித்தான்" என்றாள். இங்கை அப்பிடித்தான் என்ற அந்த வசனத்தை நான் இந்த ஊரில் கேட்ட அளவுக்கு வேறு எதையும் கேட்கவில்லை.

இனி அந்த நாள்.

தர்சிக்குப் பால் ஊறப் பால்சுறா வேண்டும். சுறாவை அவித்து உதிர்த்து, உள்ளியும் மிளகும் போட்டு வறை செய்து கொடுத்தால் ஊறும். எனக்கு ஊறியது, என் அம்மாவுக்கு ஊறியது. ஸ்ரௌவ்வில்லில் சுறா கிடையாது. ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் என்று சுதன் சொன்னான். அவனுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. அங்கேயே டோர்செட் பார்க்கில் தெரிந்த ஒருவரின் கராஜில் ரயர் மாற்றப் போகவேண்டும். இலை கொட்டத் தொடங்கியதும் எல்லாரும் பனிக்கென்று வேறு ரயர் பூட்டுகிறார்கள். தர்சியின் தலைமாட்டில் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் நானும் அவர்களைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறினேன்.

கராஜில் எங்களுக்கு முன்னால் ஒரு வரிசைக் கார்கள். "மத்தியானம் தாண்டும் அண்ணை" என்று கராஜ்காரர் சுதனிடம் சொன்னார். தாண்டியது. காரை மேலே தூக்கி ரயரைக் கழற்றிய பிறகு இன்னும் ஏதோ பிழை என்று அதையும் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்குக் கால் கை நிற்கவில்லை. மீன்கடை பஸ்ஸில் நாலு தரிப்புத் தூரம் என்று சுதனே வாயை விட்டான்.

"அப்ப நான் பஸ்ஸிலை போட்டு வாறன்" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, கார் முடிய நான் கூட்டிக்கொண்டு போறன். உங்களுக்கு இங்கத்தை பஸ் தெரியாது."

"யாழ்ப்பாணத்திலையிருந்து ரெண்டு பிள்ளையளோடை தனியப் பறந்து வந்தனான் சுதன். நாலு ஸ்டொப் போகமாட்டனோ?"

போகும்போது ஒரு குறையும் இல்லை. நல்லதைச் சொல்லத்தான் வேண்டும். பஸ் எங்களைக் கண்டதும் ஒரு பக்கமாகச் சரிந்து குனிந்து கொடுத்தது, கவின் தானாகவே ஏறினான். சாரதி வணக்கம் மாதிரி ஏதோ சொன்னார். இருக்க இடமும் இருந்தது. எங்கள் ஊர் மினிபஸ் இப்படிக் குனிந்து நான் கண்டதில்லை.

மீன்கடையில் சுறா விறகுக்கட்டை மாதிரி உறைந்து கிடந்தது. "பால்சுறா இப்ப வாறேல்லை அக்கா. உதுதான் இருக்கிறதுக்குள்ளை சின்னன்" என்று மீன் வெட்டுகிறவர் காட்டினார். சின்னது என்று அவர் சொன்னது கவினின் உயரத்துக்கு இருந்தது. நடுத்துண்டாக வெட்டச் சொல்லி இரண்டு பைகளில் வாங்கினேன். கறிவேப்பிலையும் வாங்கினேன். அதுவரைக்கும் மிகவும் சந்தோசமாகத்தான் இருந்தேன்.

திரும்பி வரும்போது பள்ளிக்கூடங்கள் விட்டுவிட்டன. பஸ்ஸில் இடி நெரிசல். எங்கே பார்த்தாலும் தடித்த குளிர்ச்சட்டைகளும் முதுகுப்பைகளும். சில பைகள் சீற்றில் இருந்தன, மனிதர்கள் நின்றார்கள். இருந்தவர்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு போனைப் பார்த்தார்கள். ஒருவராவது நிமிரவில்லை. என் ஒரு கையில் மீன், மறு கையில் கம்பி, ஆரபி என் சட்டையைப் பிடித்திருந்தாள், கவின் என் முழங்கால்களுக்கு நடுவே நசிந்துகொண்டு நின்றான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்க அவன் ஒரு பெடியனின் முதுகுப்பையில் மூக்கை அடித்துக்கொண்டான். பெடியன் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். பின் கதவுக்குப் பக்கத்துச் சீற்றில் ஒரு கறுப்பின மனுசி. அறுபது வயது இருக்கும். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் போடும் பூப்போட்ட மேற்சட்டை, அதற்கு மேல் குளிர்ச்சட்டை, கழுத்தில் மஞ்சள் சால்வை. அவர் கவினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் புருவத்தை உயர்த்தினேன். அவர் மடியில் இருந்த கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்தார்.

அவ்வளவுதான். யாழ்ப்பாணம் - பருத்தித்துறை பஸ்ஸில் இதற்குமேல் ஒருவரும் பேசுவதில்லை. பை கீழே போனால் மடி காலி என்று அர்த்தம். நான் கவினைத் தூக்கிக் கொடுத்தேன், அவர் கையை நீட்டி வாங்கினார். "வா மகனே, வா" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லி அவன் மூக்கைத் தடவிவிட்டார். கவின் அந்த மஞ்சள் சால்வையில் சாய்ந்துகொண்டான். கனடாவுக்கு வந்து அன்றைக்குத்தான் என் பிள்ளை ஒரு வாகனத்தில் அழாமல் போனான்.

எதிரே இருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புப் பார்க்கிறவள். பேசத்தான் வராது, விளங்கும்.

ஒரு பெரிய சந்தியில் பஸ் நின்றது. பின் கதவால் ஒரு கூட்டம் இறங்கத் தொடங்கியது. நானும் ஆரபியும் கதவின் வாய்க்குள் நிற்கிறோம். வழி விட வேண்டாமா? ஊரில் செய்வதுபோல இறங்கிப் பக்கத்தில் நின்று, இறங்குகிறவர்களை விட்டுவிட்டு ஏறலாம் என்று ஆரபியையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசி ஆள் இறங்கியதும் கதவு தானாக மூடிக்கொண்டது. நான் கையால் அடித்தேன். பஸ் போய்விட்டது.

கண்டக்டர் இல்லாத பஸ் இப்படித்தான் போகும். எங்கள் கண்டக்டர்மார் வாய்த்துடுக்குக்காரர்கள், மிச்சக்காசு தரமாட்டார்கள், எல்லாம் உண்மை. ஆனால் கதவடியில் ஒரு தாய் நிற்க "போகட்டும்" என்று தட்டமாட்டார்கள். இங்கே கதவுக்குப் பொறுப்பாக ஒரு மனிதன் இல்லை. அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. இறங்கி வழிவிட்ட நான்தான் குற்றவாளி.

ஓடினேன். ஆரபி, "தம்பி, தம்பி" என்று அழுதுகொண்டு என்னை இழுத்தாளா, நான் அவளை இழுத்தேனா தெரியாது. சந்தி விளக்கு எங்களுக்குச் சிவப்பாக இருந்தது, அது மாறுகிறபாடாக இல்லை. மீன்பையை எறிந்துவிட்டு ஓட எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் இப்போது சொல்லிச் சிரிக்கிறார்கள். பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் பயந்தது கார்களுக்கும், அந்த விளக்குக்கும், வழி தவறிவிடுமோ என்பதற்கும். அந்த மனுசிக்கு நான் ஒரு நொடிகூடப் பயப்படவில்லை.

அடுத்த தரிப்பில் பஸ் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. நடைபாதையில் அந்த மனுசி கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். தன் மஞ்சள் சால்வையால் அவனைச் சுற்றியிருந்தார். கவின் அவருக்குத் தமிழில் சுறா எவ்வளவு பெரிது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர் ஆங்கிலத்தில், "அப்படியா? பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களைச் சுற்றி நாலைந்து பேர். ஓர் இளைஞன் போனை உயர்த்திப் படம் பிடித்தபடி அவர் எங்கும் போய்விடாமல் குறுக்கே நின்றான். எதிர்ப்பக்கப் பெற்றோல் நிலையத்தில் நின்ற பொலிஸ்காரர் ஒருவரை யாரோ கூட்டி வந்திருந்தார்கள்.

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது பொலிஸ்காரர் மனுசியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியாத பிள்ளையை ஏன் தூக்கினீர்கள்?"

"தாய்க்குக் கை காணாது. பிள்ளை நசிபட்டான்."

"ஏன் பிள்ளையோடு பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள்?"

"தாய் பின்னால் ஓடி வருவாள். நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தால் எப்படிப் பிடிப்பாள்?"

எவ்வளவு தெளிவான பதில். அதைக் கேட்டுவிட்டும் பொலிஸ்காரர் அவருடைய அடையாள அட்டையைத்தான் கேட்டார். நான் கையை நீட்டி, "என் மகன்" என்றேன். மனுசி பிள்ளையை என்னிடம் தர வந்தார். பொலிஸ்காரர் இடையில் புகுந்து அவனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கவின் முதன்முதலாக அழுதான். பஸ் போனபோது அவன் அழவில்லை, நான் இல்லாதபோதும் அழவில்லை. இதைக் கதை சொல்கிற ஒருவரும் சொல்வதில்லை.

எனக்கு ஆங்கிலம் அறவே வாயில் வரவில்லை. சுதனுக்குப் போன் எடுத்தேன். கார் இன்னும் மேலே தூக்கினபடி இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. நீங்கள் குடுத்தனீங்கள் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அந்த மனுசி தானா இழுத்து மடியிலை வைச்சது, உங்களுக்குத் தடுக்கத் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ."

"அவ இழுக்கேல்லை. நான்தான் குடுத்தனான்."

"தெரியும் அக்கா. ஆனால் தெரியாத ஆளிட்டைப் பிள்ளையைக் குடுத்த தாய் எண்டு எழுதினாங்கள் எண்டால் கேஸ் வீட்டுக்கு வரும். எங்கடை பச்சைப் பிள்ளையையும் வந்து பாப்பாங்கள். தர்சி இருக்கிற நிலைமையிலை தாங்கமாட்டாள். அந்த மனுசி ஆரோ எவரோ. அவவுக்கு ஒண்டும் நடக்காது."

ஒன்றும் நடக்காதாம். அவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார், முன்னால் போனோடு ஒருவன், பக்கத்தில் பொலிஸ். அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டு பொலிஸ்காரர் தோளில் இருந்த கருவியில் அவர் பெயரை யாருக்கோ எழுத்துக்கூட்டிச் சொல்கிறார். என் தங்கையின் முகமும் கண்ணுக்குள் வந்தது. சுதன் சொன்னதில் பாதி உண்மை என்றும் எனக்குத் தெரியும். ஆனால் வாயில்லாமல் நின்ற எனக்காக மடியை ஒதுக்கின மனுசியை நான் கள்ளி ஆக்குவதா? போனை வைத்துவிட்டேன்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"தெரியாது."

"இவர் பிள்ளையை உங்களிடமிருந்து எடுத்தாரா?"

"இல்லை. நான் கொடுத்தேன்."

"தெரியாத ஒருவரிடம் ஏன் பிள்ளையைக் கொடுத்தீர்கள்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? ஏன் தண்ணீர் குடித்தாய் என்று கேட்பது மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வசனம் கட்டினேன். "அவர் இருந்தார். நான் நின்றேன்."

பொலிஸ்காரர் கவினை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "இங்கே அப்படிச் செய்வதில்லை" என்றார். அவரும் அதே வசனம்.

"எங்கள் ஊரில் செய்வோம்" என்று மனுசி சொன்னார். "ஜமேக்காவில் வான் நிறைந்தால் பிள்ளைகள் எல்லாம் மடியில்தான். நானே யார் யார் மடியிலோ இருந்துதான் பள்ளிக்கூடம் போனேன்."

"நான் உங்களைக் கேட்கவில்லை" என்றார் பொலிஸ்காரர்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே அவ்வளவு பேர் நின்றார்கள், தன் வேலையை விட்டுவிட்டு என் பிள்ளைக்காகக் குளிரில் இறங்கி நின்றது அவர் ஒருவர்தான். அவரைத்தான் வாயை மூடச் சொன்னார்கள். காற்று முகத்தில் அறைந்தது, அவருடைய சால்வை இன்னும் கவின்மேல் இருந்தது. அவர் போனை எடுத்து வேலையிடத்துக்குப் பேசினார். "பிந்தும். இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. சொல்கிறேனே, ஒன்றும் நடக்கவில்லை" என்று மூன்று நாலு தரம் சொன்னார்.

கடைசியில் பொலிஸ்காரர் என் பெயர், தங்கையின் முகவரி எல்லாம் எழுதிக்கொண்டு கவினை என்னிடம் தந்தார். வீட்டுக்கு யாராவது வந்து பேசக்கூடும் என்றார். மனுசியிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "நீங்கள் போகலாம்" என்றார். நன்றி என்றோ மன்னிக்கவும் என்றோ ஒரு சொல் இல்லை. படம் பிடித்த பெடியனும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நான் சால்வையைக் கழற்றிக் கொடுத்து, நன்றியும் மன்னிப்பும் மாறி மாறிச் சொன்னேன். அவர், "பிள்ளைக்குக் குளிருது, சட்டையைக் கழுத்துவரை பூட்டு" என்று மட்டும் சொன்னார்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சில நாளில் சிறுவர் நலப் பகுதியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நல்ல மாதிரிப் பெண். பிள்ளைகளோடு பேசினாள், குழந்தையைப் பார்த்தாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சுறாத்துண்டுகளைக் கண்டு கொஞ்சம் திகைத்தாள், தேநீர் குடித்துவிட்டுப் போனாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தர்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு வறையைச் சாப்பிட்டாள். பாலும் ஊறியது. அது நேர்ஸ் கொடுத்த பம்பினால் ஊறியது என்கிறாள். சொல்லட்டும். அவளோடு எனக்குக் கோபம் அதில் இல்லை. "நல்ல காலம், அந்தப் பொம்பிளை பிள்ளையைக் கொண்டுபோகேல்லை" என்று வருகிற போகிற எல்லாரிடமும் சொல்கிறாளே, அதில்தான்.

அவர்கள் ஒருவருக்கும் தெரியாத ஒன்று, பொலிஸ்காரர் போன பிறகு நடந்தது. அதை நான் இதுவரை வீட்டில் சொல்லவில்லை.

நாங்கள் நின்ற தரிப்பில் அடுத்த பஸ் வந்தது. அவருக்கும் அதே திசை, எங்களுக்கும் அதே திசை. முதல் பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்தவர்களும் படம் பிடித்த பெடியனும் அதில்தான் ஏறினார்கள். பழையபடி நெரிசல். மனுசிக்கு ஒரு சீற் கிடைத்தது. நான் அவருக்கு இரண்டடி தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆரபி இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டியிருந்தாள். கவின் என் ஒரு கையில், கனத்தில் என் தோள் இறங்கிக்கொண்டிருந்தது.

கவினுக்கு நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, என் கையிலிருந்தே அவரை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். "அன்ரி" என்றான்.

நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனால் பார்த்தேன். அவருடைய கைகள் மடியில் இருந்த பையைத் தூக்க எழும்பியதை நான் என் கண்ணால் கண்டேன். பிறகு அவர் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். அந்தப் பெடியனைப் பார்த்தார். எழும்பிய கைகளால் பையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தன்னைக் காணவில்லை என்று நினைத்துக் கவின் கையை இன்னும் எட்டி நீட்டி, இன்னொரு தரம் கூப்பிட்டான்.